அருவிப் பாதையில் ஒரு வெள்ளோட்டம்

பிப்ரவரி 4

அன்புள்ள மிளகுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கக்கூடாது என்பது உன் உத்தரவு, அதனால் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்து நீயே பதில் எழுதினால் நான் தடுக்கமாட்டேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா முந்திக்கொள்வதற்குள். லீவில் வரும்போது காட்டு வழியாக அருவி வரைக்கும் நடந்து போகலாம் என்று சொன்னாய் அல்லவா, அதற்காக ஷூ வாங்கப் போனேன். காட்டில் நடக்க என்றதும் கடைப் பெண் ஒரு சரிவுப் பலகையைக் காட்டி, "இதுல ஏறிப் பாருங்க சார், பிடிப்பு தெரியும்" என்றது. ஏறினேன். முழங்கால் உயரம்தான் இருக்கும். ஏறின பிறகு இறங்க முடியவில்லை. புது ஷூ வாரிவிடுமோ என்று அப்படியே நின்றுவிட்டேன். கொண்டை ஊசி வளைவில் ஆள் நிறைந்த பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவன், ஒரு பலகை மேல் நின்றுகொண்டு, "கொஞ்சம் கையைக் கொடும்மா" என்று கேட்டேன். அந்தப் பெண் கையைப் பிடித்து இறக்கிவிட்டதும் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே கைதட்டியது. உன் அம்மா மட்டும் கடை வாசலில் போய் நின்று, யார் வீட்டு மனுஷனோ என்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று நீ சொன்னது முதலில் எனக்கு வருத்தம்தான். "நீங்க என் பேச்சைக் கேக்கறதில்லப்பா, மூச்சைக் கேக்கறீங்க" என்றாய். யோசித்துப் பார்த்தால் உண்மை. வால்வு மாற்றிய என்ஜினைக் காது வைத்துக் கேட்டே காலம் தள்ளியவன். மாற்றியது மகளுடைய நெஞ்சில் என்றால் காதை எங்கே கழற்றி வைப்பது? உன் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "நீங்க மனுஷனா, ஹாரனா? இப்படியா விடாம அடிப்பாங்க?" என்கிறாள்.

டாக்டர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார், மேடு வந்தால் மெதுவாக ஏறச் சொன்னார், மூச்சு வாங்கினால் உட்காரச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் டாக்டர் அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறாரா? உட்காரச் சொன்னாரே, எங்கே உட்காருவது? ஈரக் கல்லாக இருந்தால்? அட்டை இருந்தால்? நடுக்காட்டில் போன் எடுக்காவிட்டால்? சுலபமான பாதை என்று நீ சொல்கிறாய். சுலபமான பாதையில்தான் டிரைவர் தூங்குவான்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். டிப்போவில் புதுத் தடம் போட்டால் ஜனங்களை ஏற்றுவதற்கு முன்னால் காலி வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். எந்தக் கிளை தாழ்வாக இருக்கிறது, எந்தப் பாலம் குலுங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிட்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை வழக்கம்போல உன் ஊர்ப் பக்கம் போகிற வண்டி டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். போன தடவை மாதிரி அவரை உட்காரவைத்துக் காபி கொடுக்காதே. திரும்பி வந்து ஒரு வாரம் பெருமை அடித்துக்கொள்கிறார்.

அன்புடன்,
பலகையிலிருந்து பத்திரமாக இறங்கிய உன் அப்பா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கேட்காததற்கு நன்றி.

சரிவுப் பலகைக் கதையை எங்கள் பல் லேபில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பல்செட் வார்க்கிற அண்ணன் ஒருத்தர் சிரித்த சிரிப்பில் ஒரு பாட்டிக்குக் கட்டிய முன்பல் கோணலாகிவிட்டது. அந்தப் பாட்டி இனி சிரிக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான்.

வெள்ளோட்டம் எல்லாம் வேண்டாம்பா. அருவிக்கு ஏன் போகணும்னு ஆசைப்படுறேன்னு உங்களிடம் சொல்லவே இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே எல்லாரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. பிளாஸ்டர் மாவுப் பையைத் தொட்டால் நாலு பேர் ஓடி வருகிறார்கள். மாடிப்படி ஏறினால் பின்னால் ஒருத்தர் ஏறுகிறார், நான் விழுந்தால் பிடிக்க. சத்தமாகச் சிரித்தால் "மெதுவா, மெதுவா" என்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா என்னிடம் பேசும்போது குரலையே இறக்கிவிடுகிறாள், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுவதுபோல. உடம்பு தேறிவிட்டது, ஆனால் என்னைப் பார்க்கிறவர்கள் கண்ணில் நான் இன்னும் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு இடத்தில் ஒரு நாள் நடக்கணும்பா. எதிரே வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகணும். யாராவது "சீக்கிரம் நகரும்மா" என்று எரிந்து விழணும். அவ்வளவுதான். தனியாகப் போகப் பயம், அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். பயம் என்று எழுதியதை அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அங்கே யாரிடமும் ஆபரேஷன் பற்றி மூச்சு விடக்கூடாது.

அன்பு மகள்,
மிளகு

*

பிப்ரவரி 9

அன்புள்ள மிளகுக்கு,

வெள்ளோட்டம் வெற்றி. உடம்பில் மூன்று இடத்தில் சிராய்ப்பு, ஒரு இடத்தில் அட்டை, மற்றபடி சேதாரம் இல்லை.

பஸ்ஸில் பயணியாகப் போனேன். அது ஒரு அவஸ்தை. வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடிவாரத்தில் ஒரு கேட், ஒரு டிக்கெட் கவுன்டர், பக்கத்தில் ஒரு டீக்கடை. பாதையைப் பற்றி விசாரித்தேன். கவுன்டர்காரர், "சின்னக் குழந்தைங்களே ஓடுது சார் இதுல" என்றார். "அந்தக் குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தலையே" என்றேன். அவ்வளவுதான், மனுஷன் வெளியே எழுந்து வந்துவிட்டார். டீக்கடை அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். வனக்காவலர் ஒருவர், பார்த்தால் முரட்டு ஆள், உன் கதையைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எவ்வளவு தங்கமான ஜனங்கள் தெரியுமா. நான் கேட்காமலே எல்லாம் ஏற்பாடு. முதல் வளைவில் கல் வழுக்குகிறது, அங்கே மணல் கொட்டிவைப்பார்கள். மரப்பாலத்தில் ஒரு பலகை ஆடுகிறது, ஆணி அடிப்பார்கள். பாதிவழியில் டீக்கடை அம்மா தன் நாற்காலி ஒன்றைப் போட்டுவைப்பாள், உனக்கென்று. காவலர் உனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்து வருவார், நீ லேசாகத் தள்ளாடினாலும் விசில் அடிப்பார், கீழே இருந்து ஸ்ட்ரெச்சர் கிளம்பும். ஸ்ட்ரெச்சரை எடுத்து விரித்தும் பார்த்துவிட்டேன், துணி கிழியவில்லை. உன் போட்டோவையும் காட்டினேன், ஆள் மாறிவிடக்கூடாதே.

மேலே கடைசி ஏற்றத்தில் வேர்கள் படிபோல இருக்கின்றன, இடது பக்கமாகக் கால் வைக்கணும். எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். நீ ராணி மாதிரி வரலாம்.

அன்புடன்,
அப்பா

*

பிப்ரவரி 13

அப்பாவுக்கு,

நம் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிளம்பி நடுவழியில் எங்கேயோ எதிரெதிரே கடந்து போயிருக்கும். உங்கள் டிரைவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஹாரன்கூட அடித்திருப்பார்கள்.

என்னைத் தெரியாத ஒரே ஒரு இடம் கேட்டேன். இப்போது அங்கே எனக்கு நாற்காலி போட்டிருக்கிறது. என் போட்டோ தெரிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் விசிலோடு ஒரு ஆள் நடக்கப் போகிறார்.

கோபம் இல்லை. நீங்கள் பயத்தில் செய்தது என்று தெரியும். ஆனால் நான் வரவில்லைப்பா. லீவுக்கு இங்கேயே இருந்துகொள்கிறேன்.

இன்னொன்று. கல், பலகை, வேர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அருவி எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

மகள்

*

பிப்ரவரி 19

அன்புள்ள மிளகுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அம்மாவும் படித்தாள். சாப்பாடு வைக்கும்போது, "போட்டோ வேற காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

அருவியை நான் பார்க்கவில்லை. அதன் முன்னால் நின்றேன், பார்க்கவில்லை. குனிந்து பாறையில் பாசி இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன். தலையில் தண்ணீர் தெறித்தது, அது ஞாபகம் இருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நீ கோபப்படலாம், சிரிக்கலாம், இரண்டில் ஒன்று நிச்சயம்.

நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்க்கவேண்டும் என்று நேற்று திரும்பவும் அங்கே போனேன். கவுன்டர்காரரிடம், "போன வாரம் சொன்னேனே, என் மகளுக்கு ஆபரேஷன் ஒண்ணும் கிடையாது. நல்லா இருக்கா. அதை மறந்துடுங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்த மகளுக்கு ஆபரேஷன்னு யாராவது சும்மா சொல்வாங்களா சார்? வால்வுன்னீங்க, தையல்னீங்க, மாத்திரை பேரெல்லாம் சொன்னீங்க. கண்ணு கலங்குச்சே உங்களுக்கு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஆபரேஷன் எனக்குத்தாங்க. சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் மக மேல போட்டுட்டேன்."

டீக்கடை அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "ஏன்யா, வெட்கப்பட்டா பக்கத்து வீட்டுக்காரன் மேல போடு. பெத்த பொண்ணு மேலயா போடுவே? நல்லா இருக்கிற பிள்ளைக்குக் கண்ணு படாதா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். திட்டி முடித்ததும் அவளுக்கே இரக்கம் வந்து, அந்த நாற்காலியைத் தூக்கி வந்து என்னை உட்காரவைத்தாள். டீயில் சர்க்கரை போடவில்லை. "உங்களுக்கு ஆகாது" என்றாள். பிஸ்கட் எடுக்கப் போனேன், ஜாடியை நகர்த்திவிட்டாள். காவலர் வந்து, "மூச்சு வாங்குதுங்களா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். நான் எழுந்தால் அவரும் எழுந்தார். பஸ் ஏறும்போது என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் என்னிடம் தொழில் கற்றவன். அவன் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை.

வீடு வரும்வரை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் யாரையாவது அடிக்கலாம்போல வந்தது.

உன் கடிதத்தில் இருந்ததை அப்போதுதான் படித்த மாதிரி இருந்தது.

இனி அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. அதாவது, பொய் சொல்கிற ஒரு நோயாளியின் ஆரோக்கியமான மகள் என்று தெரியும். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் வற்புறுத்தமாட்டேன். ஷூ மட்டும் பெட்டியில் இருக்கிறது.

அப்பா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். நன்றாகச் சத்தமாக. "மெதுவா" என்று சொல்ல வந்தவர்களிடம் கடிதத்தைக் கொடுத்தேன், அவர்களும் சிரித்தார்கள். என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் கேட்காமலே எழுதியிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வருகிறேன். அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருப்பேன், ஞாயிறு காலையில் போகலாம்.

நிபந்தனை அதேதான், கொஞ்சம் மாற்றி. அன்றைக்கு யார் கேட்டாலும் ஆபரேஷன் உங்களுக்குத்தான். என்ன நடந்தாலும். சத்தியமா?

மிளகு

*

மார்ச் 10

அன்புள்ள மிளகுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக டிரைவர் வந்து சொன்னார். இந்தத் தடவையும் காபி கொடுத்திருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மேலிருந்து பார்த்தாய். கீழே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

கேட்டிலேயே அவர்கள் என்னை மறித்தது உனக்குத் தெரியும். கவுன்டர்காரர் உனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். "அப்பாவை விடமாட்டோம்மா. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர். ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஒரு நொடி பயம் தெரிந்தது. அந்த ஒரு நொடியில், போகவேண்டாம், திரும்பிவிடலாம் என்று நீ சொல்வாய் என்றுதான் நினைத்தேன். நீ என்னடா என்றால், "அப்பா, இங்கேயே பத்திரமா உட்கார்ந்திருங்க. ஓடக்கூடாது. இவரு கேட்டாலும் பிஸ்கட் கொடுக்காதீங்கக்கா" என்று டீக்கடை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த அம்மா, "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றாள். உனக்குப் பின்னால் வந்த காலேஜ் கூட்டத்தில் ஒருவன், "கொஞ்சம் வழி விடுங்க" என்று உன்னை இடித்துக்கொண்டு போனான். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். காவலர் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

முதல் வளைவில் நீ மறைந்த பிறகு நான் செய்த வேலை உட்கார்ந்திருப்பது. அதைவிடக் கஷ்டமான டூட்டி நான் பார்த்ததில்லை. இப்போது பாலத்தில் இருப்பாள், இப்போது வேர்ப்படியில் இடது பக்கம் கால் வைத்திருப்பாள் என்று மனசுக்குள்ளேயே உன்னை ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் என்று உன்னிடம் எழுதியதை நீ கோபத்தில் மறந்திருப்பாயோ என்று வேறு தோன்றியது. இடையில் மேகம் கறுத்தது. "மழை வருமா?" என்று கேட்டேன். "வந்தா வரட்டும் சார், சின்னப் பொண்ணுதானே, நனைஞ்சா என்ன?" என்றார் கவுன்டர்காரர். உனக்குச் சளி பிடித்தால் டாக்டர் என்ன சொல்வார் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

காலேஜ் கூட்டம் திரும்பி வந்தது. உன்னை இடித்தவனும் வந்தான். நீ வரவில்லை. பிறகு ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. அவர்கள் உனக்கு ரொம்பப் பின்னால் போனவர்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தோளில் ஈரத் துண்டோடு ஒரு ஆள் இறங்கி வந்தான். டீ சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில்தான் சொன்னான்.

"மேல அந்த வேர்ப்படிகிட்ட ஒரு பொண்ணு தனியா உட்கார்ந்திருக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு. என்னம்மான்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னுச்சு."

"நீலச் சட்டையா?" என்று டீக்கடை அம்மா கேட்டாள்.

"ஆமா, நீலம்தான்."

"இவரு பொண்ணுதான். சும்மா காத்து வாங்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதுக்கென்ன, பொண்ணு நல்லா திடமா இருக்கு. நீங்க பதறாதீங்கய்யா, உங்களுக்குத்தான் ஆகாது."

மிளகு, காவலர் எனக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் விசில். சுவரோரமாக ஸ்ட்ரெச்சர். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த மனுஷன் ஒரே ஓட்டமாக ஓடியிருப்பார். எழுந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவரே கிட்டே வந்து, "என்ன சார், ஏதோ சொல்ல வர்றீங்க?" என்று குனிந்து கேட்டார்.

டாக்டர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கினால் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருக்கிறாள். சொன்னபடிதான் செய்கிறாள். அப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் கால் நிற்கவில்லை. அவர் ஓடி வந்தால், அந்தப் பாதையில் உனக்குப் பின்னால் விசில் கேட்டால், நீ அதன் பிறகு எங்கேயுமே நடக்கமாட்டாய் என்றும் தெரிந்தது. நடக்காமல்கூட இரு, உயிரோடு இரு என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்துதான் தோன்றியது.

"இன்னொரு டீ" என்றேன்.

அந்த டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்து, அதற்கும் பிறகுதான் நீ வளைவில் தெரிந்தாய். தோள்வரை நனைந்திருந்தாய். முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது, எனக்குக் கேட்டது, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லா இருந்துச்சுப்பா. பயங்கர சத்தம், உங்க பழைய வண்டி மாதிரி" என்றாய். ஏன் உட்கார்ந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. காவலர் என்னைக் கைத்தாங்கலாக பஸ்ஸுக்குக் கூட்டிப்போனபோது நீ பின்னால் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். யாரும் அதை உன் கையிலிருந்து வாங்கவில்லை. நான்கூட.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஏம்பா ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டாய். டீ அதிகமாகிவிட்டது என்றேன். அது பொய். காவலர் குனிந்து கேட்டபோது என் நாக்கு நுனிவரை வந்து, நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: "ஓடுங்க சார், ஆபரேஷன் எனக்கில்ல, அவளுக்கு."

அன்புடன்,
அப்பா